பெங்களூர் என்று சொன்னேன்

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது, "சாரே, பொத்தான் மாறிப் போச்சு" என்று. தொழிற்சாலையில் அன்று எனக்கு முதல் நாள். நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில் நின்று, ஒழுங்கு என்றால் என்ன, தரம் என்றால் என்ன என்று இங்கிலீஷும் மலையாளமும் கலந்து அளந்துகொண்டிருந்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து இவர் மட்டும் எழுந்து வந்து, தணிந்த குரலில் தமிழில் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். குனிந்து பார்த்தேன். சட்டையின் ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் தொங்கிக்கொண்டிருந்தது. தரத்தைப் பற்றிய என் பிரசங்கம் அத்தோடு முடிந்தது.

என்னைக் கேலி செய்வதற்காகச் சொன்னார் என்று அன்று சாயங்காலம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கேலியே வராது. தப்பாக இருக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப்போக அவரால் ஆகாது, அவ்வளவுதான். சாப்பாட்டு அறைக் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்தங்கினால் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவார். ஓணம் விடுமுறை அறிவிப்பில் கிழமை பிசகியிருந்ததை, மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கிச் சொன்னார். ரயிலில் முன்பின் தெரியாத குழந்தையின் செருப்பு இடம் வலம் மாறியிருந்தால், தாயாரிடம் கேட்டுக்கொண்டு கழற்றி மாட்டிவிடுவார். இதையெல்லாம் கோபமில்லாமல், உபதேசமில்லாமல், போகிற போக்கில் ஃபேனை அணைப்பது போலச் செய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவார். உபத்திரவம் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். சில நாட்களில் நானும் சொல்லியிருக்கிறேன்.

மலையாளப் பெண்கள் அவரைச் சேச்சி என்றார்கள். நான் அக்கா என்றேன். வயதில் என்னைவிட இரண்டு மூன்று வருஷம் மூத்தவராக இருக்கலாம். பாறசாலையைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வருவார். அதே வண்டியில் எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் ஆறு பேர் வருவார்கள். ஆறு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே ஜன்னலோரம். அவருடைய வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவருடைய சம்பளத்தில்தான்.

தொழிற்சாலை திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. நாங்கள் செய்தது ஒரே சாமான். காது மந்தமானவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டிக்கொள்கிறார்களே, அதற்குள் மிளகு அளவில் ஒரு செம்புக்கம்பிச் சுருள் இருக்கும். கம்பி தலைமுடியைவிட மெல்லியது. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து இடுக்கியால் பிடித்துச் சுற்றி, சூடு காட்டிச் சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் அறுந்துவிடும். சரியாக வந்த சுருள் பச்சைத் தட்டுக்குப் போகும், பழுதானது சிவப்புத் தட்டுக்கு. முதலாளிகள் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார்கள். நாங்கள் யாரும் அவர்களைப் பார்த்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து, பெட்டிகளுக்கு எல்லாம் சீல் வைத்து, பெண்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டார். மத்தியானம் சுற்றியதில் ஒரு சுருள் மேல் சந்தேகமாம். பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்றார். பிரித்தால் நாற்பது பேரும் திரும்ப உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ரயில் போய்விடும். பெண்கள் அவரைக் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள்.

"பிள்ளைய, கோவப்படாதிய. யாருக்கோ காதுக்குள்ள போவப்போற சாமானாக்கும். கேக்காத காதோட அவிய யாருகிட்ட போய்ச் சண்டை போடுவாவ?" என்றார்.

பெட்டியைப் பிரித்தார்கள். அந்த ஒரு சுருளைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே சிவப்புத் தட்டில் போட்டார். அது அவர் சுற்றியதுதான். பேசாமல் இருந்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் ஒரு பெரிய தூக்கு நிறைய மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியோடு எல்லாருக்கும் கொண்டுவந்தார். கோபம் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. கரமனை அக்ரஹாரத்துப் பிள்ளையான எனக்கு மட்டும் தனியாக ஒரு டப்பாவில் கிழங்கும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். மீன் தொட்ட கரண்டி இதில் படவில்லை என்று நான் கேட்காமலே சொன்னார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை நகராது. தொழிற்சாலையில் என் உத்தியோகம், வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதி வைப்பது. எந்த விரலில் கம்பியைப் பிடிக்கிறார்கள், எத்தனை சுற்று, எங்கே பற்றவைக்கிறார்கள், எல்லாம் படத்தோடு எழுத வேண்டும். ஒருநாள் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், சுருள் வேலை முழுவதும் வியட்நாமுக்குப் போகிறது, அங்கே இருப்பவர்கள் பார்த்துச் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் எழுது, வீடியோவும் எடு என்று. இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். இங்கே பிறகு ஒன்றும் இருக்காது, ஆனால் கழக்கூட்டத்தில் சின்னதாக ஓர் ஆபீஸ் வைப்பார்கள், அதில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு என்றும் சொன்னார். மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன். யோசிக்க ஒரு நாள் கேட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை.

யாரை வீடியோ எடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. மூன்று நாள் அவர் பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மணி அடித்ததும் ஓட விடுவேன், நாலரைக்கு மணி அடித்ததும் நிறுத்துவேன்.

"இது என்னத்துக்கு சாரே?" என்று கேட்டார்.

"புதுசா வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு அக்கா."

பொய் என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எழுதி முடித்ததை அவரிடமே காட்டினேன். இரண்டு படங்கள் முன்பின்னாக இருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். திருத்திக்கொண்டு நன்றி சொன்னேன்.

இரண்டு மாதத்தில் சேதி எப்படியோ கசிந்துவிட்டது. கூடவே இன்னொரு சேதியும் வந்தது. வியட்நாமில் வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கிறார்கள், சரியாகவே வரவில்லை, பத்துச் சுருளில் பாதிக்கு மேல் சிவப்புத் தட்டுக்குப் போகிறது. காகிதத்தில் இருக்கிறபடிதான் செய்கிறார்கள், ஆனாலும் சுருள் பிரிந்துவிடுகிறது. பெண்களுக்கு உயிர் வந்தது. அங்கே வராவிட்டால் வேலை இங்கேயே இருந்துவிடும் அல்லவா?

சாப்பாட்டு அறையில் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், வியட்நாம் வேலைக்கு ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது. பேப்பரில் உள்ளதுதான் எங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட வேண்டும். நாற்பது பேரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள், இவர் ஒருவரைத் தவிர. "சத்தியம் பண்ணுகது எங்க சபையில கிடையாது. எனக்க வார்த்தை போதும்லா?" என்று கேட்டாராம். போதும் என்று எல்லாரும் சொன்னார்களாம். சாயங்கால டீக்குள் இது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும். இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், எனக்கும் தெரியும்.

என்னை வியட்நாமுக்குப் போய்ச் சரிசெய்யச் சொன்னார்கள். தொழிற்சாலையில் லீவு என்று சொல்லிவிட்டேன். புறப்படுவதற்கு முந்தின நாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கப் போனேன். எங்கள் வீட்டில் யார் எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் அது உண்டு. கடையில் தேங்காய் எடுக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது, "அது வேண்டாம் சாரே." திரும்பினேன். சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். என் கையிலிருந்த தேங்காயை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"தண்ணியே இல்ல. அழுவினதாக்கும்." கடைக்காரனைப் பார்த்து, "சாமிக்கு உள்ளதுன்னா எது வேணும்னாலும் குடுப்பியளோ?" என்றார். பிறகு ஏழெட்டுக் காய்களை ஆட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். "என்ன காரியம் சாரே, மவளுக்குப் பரீட்சையா?"

"ஒரு வேலை தடங்கலில்லாம முடியணும் அக்கா."

"முடியும், போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அந்தம்மா பொறுக்கிக் கொடுத்த காய் ஒரே அடியில் சுக்குநூறாகச் சிதறியது. அங்கேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெளிவாக இல்லை.

வியட்நாமில் பத்து நாள் ஆயிற்று. எங்கள் மேஜைகள், எங்கள் தட்டுகள், எங்கள் வெளிச்சம் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தப் பெண்களின் கைகளும் தேர்ந்த கைகள்தான். ஆனாலும் சுற்றிய சுருள் மறுநாள் பிரிந்தது. வெப்பத்தை மாற்றிப் பார்த்தோம், கம்பியை மாற்றிப் பார்த்தோம். சனிக்கிழமை மேனேஜர் போனில் கூப்பிட்டார். திங்கட்கிழமை காலை முதலாளிகள் கூட்டம், அதற்குள் சரியாகாவிட்டால் சுருள் வேலை திருவனந்தபுரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிடுவார்கள், உனக்குக் கழக்கூட்டமும் கிடையாது என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் போதும். நாற்பது பேருக்கு வேலை இருந்திருக்கும். எழுதி வைக்கிற ஆள் என்ற முறையில் எனக்கும் இன்னும் சில வருஷம் அங்கேயே ஓடியிருக்கும். ஆனால் எனக்குக் கழக்கூட்டம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். நாற்பது பேரில் வேறு யாரைக் கூப்பிட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தப்பாக இருக்கிற ஒன்றைக் கண்ணில் காட்டினால் இவரால் சும்மா இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் கூப்பிட்டேன்.

அவர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வெளியே வந்திருந்தார். வெள்ளைச் சேலை, கையில் பைபிள். போனை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டதில் பாதி நெற்றிதான் தெரிந்தது.

"சாரே, லீவுல இல்லியா? இது எங்க?"

"பெங்களூர்" என்றேன்.

"அங்க எதுக்கு நம்ம மேசையெல்லாம் கெடக்கு?"

"சின்னதா ஒரு யூனிட் போட்டுப் பாக்கறாங்க அக்கா. நம்ம கம்பெனிதான்."

என் பின்னால் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் பார்த்துவிட்டார். "அந்தப் பிள்ளைய ஆரு? மணிப்பூரா?" எங்கள் ஊர் ஹோட்டல்களிலும் அழகு நிலையங்களிலும் வடகிழக்குப் பெண்கள் நிறைய வேலை செய்வதால் அவருக்கு அப்படித் தோன்றியது.

"ஆமாக்கா, மணிப்பூர்" என்றேன். அவரே எடுத்துக் கொடுத்த பொய் அது, எனக்கு வேலை மிச்சம்.

"இதுனால நம்ம பிள்ளையளுக்கு ஒண்ணும் வராதே சாரே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வராது அக்கா."

அதற்கப்புறம் அவர் தயங்கவே இல்லை. சுருளைக் காட்டச் சொன்னார், காட்டினேன். பிரிந்த முனையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "ரீலு எங்க இருக்கும்?" என்றார். ஏசி அறையில் என்றேன். "எப்பம் வெளிய எடுப்பாவ?" எட்டு மணிக்கு, வேலை தொடங்கும்போது என்றேன்.

"அதாக்கும் தப்பு. குளுருல இருந்து எடுத்து ஒடனே சுத்தப்பிடாது. பிரிட்ஜில இருந்து எடுத்த குப்பி வேர்க்கும்லா? கம்பியும் வேர்க்கும், நமக்குக் கண்ணுல தெரியாது. ஈரத்தோட சுத்தினா எப்படி ஒட்டும்? நான் ஏழே முக்காலுக்கு வந்த ஒடனே எல்லாருக்க ரீலையும் எடுத்து மேசையில வச்சிட்டுத்தான் சாயா குடிக்கப் போவேன்."

"இதை ஏன்க்கா எங்கிட்ட சொல்லவே இல்ல? மூணு நாள் படம் எடுத்தேனே?"

"அது வேலை இல்லியே சாரே. வேலைக்கு முன்னால உள்ளதாக்கும்" என்றார்.

என் கேமரா எட்டு மணிக்குத்தான் கண் திறந்தது. மணி அடிக்கும் முன்னால், யாரும் சொல்லாமல், ஒருவர் தினமும் கால்மணி நேரம் செய்த காரியத்தில்தான் அந்தத் தொழிற்சாலை அத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது. நான் போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை.

"சாரே, அந்தக் கடைசியில இருக்க பிள்ளைக்கு ஸ்டூலு பொக்கம் காணாது. கழுத்தை நீட்டிட்டு இருக்கு பாத்தியளா? நாலு மாசத்துல முதுகு போயிரும். ஒரு பலகையாவது வச்சுக் குடுங்க."

வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை பச்சைத் தட்டுகள் நிரம்பின. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதில் ஒரு வரியாவது நியாயமாக இருக்கட்டும் என்று, இந்தத் தீர்வைச் சொன்னவர் இன்னார், திருவனந்தபுரம், மூன்றாவது வரிசை என்று அவர் பெயரைப் போட்டேன். பெயரைப் போடாமல் அனுப்பியிருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது. நான் செய்த காரியங்களிலேயே அவருக்கு அதிகக் கெடுதல் செய்தது அந்த ஒரு வரிதான்.

மூடுகிற நாளில் சாப்பாட்டு அறையில் ஒரு விழா வைத்தார்கள். எங்கள் ஊரில் எதையும் விழா இல்லாமல் மூட மாட்டார்கள். மைக், வாழைமரம், அடைப்பிரதமன் எல்லாம் உண்டு. மேனேஜர் கெட்ட ஆள் இல்லை. எல்லாருக்கும் நன்றி சொன்னார், கண்ணும் கலங்கினார். பிறகு ஒருவரைத் தனியாகக் கௌரவிக்க வேண்டும் என்று சொல்லி என் அறிக்கையைக் கையில் எடுத்தார். அக்காவின் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து, "நம்முடெ ஈ சேச்சி இல்லெங்கில் வியட்நாமிலெ லைன் ஓடில்லாயிருந்நு" என்றார். இந்தச் சேச்சி இல்லாவிட்டால் வியட்நாமில் வேலை நடந்தே இருக்காது என்று பெருமையாகச் சொன்னார். பொன்னாடையைப் போர்த்தினார். கைதட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

அக்காவோடு அதே ரயில் பெட்டியில் வருகிற ஒரு பெண் எழுந்து, "எக்கா, ஒங்க வார்த்தை போதும்னு சொன்னமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வியட்நாமா, எந்த வியட்நாம் என்பது போல மேனேஜரைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாரே, பெங்களூர்னுதானே சொன்னிய? சொல்லுங்க சாரே."

நான் மேஜை ஓரத்தில் பாயசக் கிளாசோடு நின்றுகொண்டிருந்தேன். கழக்கூட்டத்துக்கான என் ஆர்டர் மேனேஜரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆமாம், பெங்களூர் என்று நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பொன்னாடையை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். ஒருவரும் அவரோடு போகவில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சாலைக் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். நூலும் பொத்தானும் ஜிப்பும் மொத்தமாக விற்கிற ஒரு கடையில், நாள் முழுக்க நின்றுகொண்டே சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆள் இளைத்திருந்தார். நான் பார்க்காதது போலத் தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் கூப்பிட்டுவிட்டார்.

"சௌக்கியமா சாரே? மவளு என்ன படிக்கா?"

சொன்னேன். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மருந்து பாதி நாள் உண்டு, பாதி நாள் இல்லை என்றார், சலித்துக்கொள்ளாமல். பழைய பெண்கள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். சிலர் வீட்டு வேலைக்கு, சிலர் ஹோம்நர்சாக, இரண்டு பேர் துணிக்கடைக்கு. ஆறு பேரில் நாலு பேர் இன்னும் அதே காலை வண்டியில்தான் வருகிறார்களாம்.

"நான் வேற பெட்டியில வாறேன். எங்கூட யாரும் மிண்டாது, மொகத்தத் திருப்பிருவாவ. சர்ச்சுலயும் அப்படித்தான். வாக்கு மாறினவன்னு பேரு. வேலை போனது போட்டும், அது எல்லாருக்கும் போச்சு. இது எனக்கு மட்டும்லா?" கல்லாவில் இருந்த முதலாளியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு காரியம் கேப்பேன், செய்வியளா?"

"சொல்லுங்கக்கா."

"பெங்களூர்னு சொன்னது நான்தான், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு பேப்பருல எழுதித் தாங்க. ரெண்டு வரி போதும். அடியில ஒங்க பேரும் ஒப்பும் வேணும். நான் வாயால சொல்லிப் பாத்தாச்சு, யாரும் நம்பல்ல. நீங்க எழுதினா நம்புவாவ."

என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் பொய் சொன்னாய் என்றாவது கேட்டிருக்கலாம். அவருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு தப்பு இருக்கிறது, அதைத் திருத்தக்கூடிய ஆள் எதிரில் நிற்கிறான், கேட்டார். பில் போடுகிற தாளில் ஒன்றைக் கிழித்து, பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல வேண்டாம்க்கா, நல்ல பேப்பர்ல டைப் பண்ணி, அடுத்த வாரம் நானே கொண்டுவந்து தரேன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "செரி சாரே. வந்தா சந்தோசம்" என்றார். பஸ்ஸில் வரும்போதே யோசனை வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கெங்கு போகும் என்று யாருக்குத் தெரியும்? வேலை போனதற்கு நஷ்டஈடு கேட்டுப் பெண்கள் கம்பெனி மேல் போட்ட கேஸ் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கம்பெனியின் ஆள் பொய் சொல்லித் தகவல் வாங்கினான் என்று அவனே எழுதிக் கொடுத்தால் வக்கீல் விடுவாரா? கழக்கூட்டம் நாற்காலி அத்தோடு போகும்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. மேஜையில் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏன்னா, ஃபோன் அடிக்கறதே, எடுக்கப்படாதா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"யாரோ லோன் வேணுமான்னு கேக்கறவா" என்றேன்.

பிறகு இரண்டு தடவை வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. சாலைக்கு ஏதாவது வாங்கப் போனால் அந்தக் கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன். கழக்கூட்டம் ஆபீசில் எனக்கு இரண்டு தடவை பதவி உயர்வு வந்துவிட்டது. மகள் வேலைக்குப் போகிறாள். அவர் இன்னும் அதே வண்டியில், வேறு பெட்டியில், தனியாக வந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கேட்டது இரண்டு வரி. நான் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். பெங்களூர் என்று சொன்னது நான்தான், அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் இதில் இருக்கிறது. ஆனால் அவர் பெயர் இதில் இல்லை. என் பெயர் இல்லை, கம்பெனியின் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை. இதைக் கையில் கொடுத்தாலும் அந்த ரயில் பெட்டியில் போய் ஒருவரிடமும் அவர் காட்ட முடியாது. அப்படிக் காட்ட முடியாதபடி பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.